பதினோரு மணிக்கு ஒரே ஓர் இழுப்பு

"உள்ளே போனப்புறம் யாராவது 'இன்னும் கொஞ்ச தூரம்தான்'னு சொன்னா, கேட்கக் கூடாது. கடிகாரத்தைத்தான் கேட்கணும்" என்றாள் தமயந்தி.

ஆமைத்தீவின் குகை வாசலில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவள் தன் திட்டத்தை மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தமானில் ஒரு கட்டுமான கம்பெனியில் அவள் திட்ட மேலாளர். பாலமோ பள்ளிக்கூடமோ, சொன்ன தேதிக்கு முடித்துவிடுவாள். அதை அடிக்கடி சொல்லிக்காட்டவும் செய்வாள். அதுதான் கொஞ்சம் பொறுக்க முடியாது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர்: வெல்டர் பவுன்ராஜ், படகுக்காரி செல்லக்கிளி.

"பத்து மணிக்குக் கடல் நல்லா வத்தியிருக்கும். ஒரு மணிக்கு வாசல் முழுகிடும். பதினோரு மணிக்கு நானும் பவுன்ராஜும் உள் கூடத்துல இருக்கணும். பன்னிரண்டுக்கு, பெட்டி கிடைச்சாலும் கிடைக்காட்டியும் திரும்பிடணும்."

குகைக்குள் போன் எடுக்காது. அதனால் தமயந்தியின் இடுப்பிலிருந்து செல்லக்கிளியின் கைக்கு ஒரு நீளமான நைலான் கயிறு. பதினோரு மணிக்கு அதை இழுத்துச் செய்தி சொல்ல வேண்டும்: ஒரு இழுப்பு என்றால் நேரப்படி போகிறோம். இரண்டு என்றால் பின்தங்கிவிட்டோம், படகை வாசலுக்குக் கொண்டு வா. மூன்று என்றால் ஆபத்து. படகு அலைக்கு ஒதுங்கிப் பாறை முனைக்கு அந்தப்பக்கம் நின்றது. அதைச் சுற்றிக் கொண்டுவர அரைமணி நேரம் பிடிக்கும்.

அவர்கள் தேடி வந்தது மேட்டுக் கோயில் முருகனின் வெள்ளி வேல். போர்க்காலத்தில் படைக்காரர்கள் கோயிலில் புகுந்துவிடுவார்கள் என்று பயந்து, பவுன்ராஜின் கொள்ளுத்தாத்தா அதை ஒளித்து வைத்தார். மறுவாரமே காய்ச்சலில் போய்விட்டார். வேலை அவர் திருடி விற்றுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. எண்பது வருடமாக அந்தக் குடும்பத்துக்கு 'வேல்திருடன் வீடு' என்றுதான் பெயர். போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியின் அடித்தாளில் வேலை இரும்புப் பெட்டியில் வைத்துப் புதைத்த இடத்தைக் குறித்துக் கொள்ளுத்தாத்தா வரைந்த குகைப் படம் கிடைத்தது.

"எங்க அப்பா அந்தக் கோயில் வாசல்படி மிதிச்சதே இல்ல, அக்கா. அவர் உசுரோட இருக்கறப்பவே இது வெளியே வந்துடணும்" என்றான் பவுன்ராஜ்.

ஒன்பதரைக்கு இருவரும் நுழைந்தார்கள். தலைக்கு மேல் வௌவால்கள் கலைந்து பறந்தன. முதல் கூடத்தைச் சுலபமாகத் தாண்டினார்கள். அப்புறம்தான் வந்தது அந்த இடுக்கு.

படத்தில் அது சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. தமயந்தி அதற்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தாள். நேரில் வந்து பார்க்கவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. தொடை வரை சேறு! ஒரு அடி வைத்து இன்னொரு காலைப் பிடுங்குவதற்குள் மூச்சு வாங்கியது.

மணி பதினொன்று. இடுக்கில் பாதிகூடத் தாண்டவில்லை.

கயிற்றைப் பிடித்தாள். இரண்டு முறை இழுக்க வேண்டும். அவள் எழுதிய விதி, அவளே மூன்று முறை வாசித்த விதி. ஆனால் இரண்டாவது முறை இழுத்தால், தமயந்தியின் திட்டமும் பின்தங்கும் என்று செல்லக்கிளிக்குத் தெரிந்துவிடுமே? தோண்டும்போது நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முன்னால் போன பவுன்ராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு முறை இழுத்தாள்.

உள் கூடத்தை அடையும்போது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். திரும்பும் நேரமும் வந்தது, போனது. "இன்னும் கொஞ்சம்தான்" என்று அவளே சொன்னாள். பன்னிரண்டே காலுக்குக் கடப்பாரை இரும்பில் மோதியது. பெட்டி!

இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடுக்குக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நடுவழியில் பவுன்ராஜின் கால் சேற்றில் இறங்கி இரு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

"அக்கா, கால் வரல."

தமயந்தி கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். பாறை அசையவில்லை. தண்ணீர் அவன் மார்பைத் தொட்டது. அவள் கயிற்றை மூன்று முறை இழுத்தாள். இப்போது படகு வாசலில் நின்றிருக்க வேண்டிய நேரம். நிற்காது, ஏனென்றால் அவள் அழைக்கவில்லை.

செல்லக்கிளி படகுக்குப் போகவில்லை. போனால் நேரம் பத்தாது என்று அவளுக்குத் தெரியும். குடிதண்ணீருக்காகக் கொண்டுவந்திருந்த இரண்டு கேன்களைக் கவிழ்த்துக் காலி செய்து, மூடி, இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிற்று நுனியை வாசல் பாறையில் முடிந்துவிட்டு அதைப் பிடித்தபடி நீந்தி வந்தாள். இரண்டு பெண்களும் முழுகிக் கடப்பாரையில் தொங்கினார்கள். மூன்றாவது முழுக்கில் பாறை நகர்ந்தது. அப்போது தண்ணீர் பவுன்ராஜின் மோவாயில் இருந்தது.

பெட்டியைக் கயிற்றின் உள்நுனியில் கட்டிவிட்டு, கேன்களைப் பற்றிக்கொண்டு, கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சாண் அளவு இருந்த காற்றில் மூக்கை நீட்டி வெளியே வந்தார்கள். அப்புறம் மூவரும் கயிற்றை இழுத்தார்கள். பெட்டி முரண்டு பிடிக்கும் ஆடுபோல நின்று நின்று வந்தது. திறந்தால், எண்ணெய்த் துணிக்குள் கறுத்துப்போன வெள்ளி வேல்! பவுன்ராஜ் அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

படகில் திரும்பும்போது அவன் கணுக்கால் வீங்கியிருந்தது. "உங்க பிளான் மட்டும் இல்லாட்டி நான் இன்னிக்குப் பொணம், அக்கா" என்றான். தமயந்திக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

செல்லக்கிளி சுக்கானைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்: "பதினோரு மணி இழுப்பு வந்தப்ப நான் கை மாத்திப் பிடிச்சேன். ரெண்டாவது இழுப்பை அப்பத்தான் விட்டிருப்பேன். என் தப்புதான்."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். தமயந்தி குனிந்து, படகில் தேங்கிய தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள்.

படகிலிருந்தே போனில் செய்தி போயிருந்ததால் படகுத்துறையில் மேளம் முழங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்ற பவுன்ராஜின் அப்பாவைக் கோயில் தர்மகர்த்தா கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தார். வேலைக் கையில் வாங்கியதும் அந்த மனிதர் நிமிர்ந்து நின்றார்.

"திட்டம் போட்டது இந்தப் பொண்ணுதானே? எல்லாம் சொன்னபடி நடந்துச்சா அம்மா?" என்றார் தர்மகர்த்தா.

"நடந்திருக்கும்ங்க. நான்தான் கயித்தைச் சரியா கவனிக்கல" என்று முந்திக்கொண்டாள் செல்லக்கிளி.

"கயித்தைப் பிடிக்கக்கூடத் தெரியாதா? புள்ள செத்திருப்பானே" என்று கூட்டத்தில் ஒரு குரல். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒரு பழி துடைக்கப்பட்ட இடத்திலேயே இன்னொரு பழி ஒட்டிக்கொள்வதைத் தமயந்தி கண்ணால் பார்த்தாள்.

"அவங்க எந்த இழுப்பையும் விடலைங்க" என்றாள். "நான் ஒரு தடவைதான் இழுத்தேன். பதினோரு மணிக்கே பின்தங்கிட்டோம். சொல்ல வெக்கப்பட்டு மறைச்சுட்டேன்."

மேளம் நின்றது. முகம் தீயாய் எரிந்தது அவளுக்கு. பவுன்ராஜ் தன் வீங்கிய காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நொண்டியபடி அப்பா பக்கம் நகர்ந்தான். அவன் ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. தாமதத்தைச் சொல்வது சின்ன வெட்கம், அதை மறைத்தது இவ்வளவு பெரிய வெட்கமாக வளர்ந்துவிட்டது. நல்ல திட்டம் என்பது தப்பாமல் போவது அல்ல, தப்பும்போது உடனே சொல்வது என்று அவள் புரிந்துகொண்டது அங்கேதான்.

செல்லக்கிளி அருகில் வந்தாள்.

"பதினோரு மணி இழுப்புக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல குகை வாசல் பாறையில காலை நீட்டி உக்காந்து, ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீ நல்லா இருக்கேன்னு நம்பித்தானே?"