நாலாவது மூலையில் அப்பா சொன்னது

பூட்டில் சாவியை நுழைப்பதற்கு முன் அப்பா கதவைத் தட்டினார். தட்டிவிட்டு, உள்ளிருந்து யாரோ வெளியே வர வழிவிடுவதுபோல் ஓரமாக வேறு ஒதுங்கி நின்றார். ஆளில்லாத வீட்டில் யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று முணுமுணுத்தேன்.

"ஒருத்தர் இருந்த வீடுடி. மரியாதை வேணாமா?" என்றார்.

ஹாங்காங்கில் அரசாங்கம் கொடுத்த வீடு அது. வரிசையில் நின்று வாங்கியதல்ல. நின்றிருந்தால் அப்பாவின் சாம்பல்தான் குடியேறியிருக்கும். இந்த ஊரில் சாம்பல் வைக்கும் மாடத்துக்கும் வரிசை உண்டு, அது வேறு கதை.

அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நாள்தோறும் வீட்டிலேயே மருந்து நீரை ஏற்றி இறக்க வேண்டும். ஷாம் ஷுய் போவில் நாங்கள் இருந்த தடுப்பு அறையில் அடுப்பும் கழிப்பறையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் சீழ் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை பிடித்தால் கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்தார். அதனால்தான் எல்லோரும் வேண்டாமென்று ஒதுக்கிய இந்த வீட்டைக் கேட்டு வாங்கினோம். முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுக் காத்திருந்த ஒரு கிழவி இங்கே தனியாகச் செத்துப்போய், நாற்றம் வந்த பிறகுதான் வெளியே தெரிந்ததாம். சாவி கொடுத்த அதிகாரி அதை ஒளிக்கவில்லை.

குடிவந்த பகலிலேயே நான்கு மூலைக்கும் படையல் வைத்தோம். மூலைக்கு மூலை ஊதுபத்தி, வாட்டிய பன்றிக்கறி, ஆரஞ்சு. முன்பு இருந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேறு நல்ல இடம் பார்த்துப் போகும்படி சொல்ல வேண்டும். மூன்று மூலையில் அப்பா ஒழுங்காகச் சொன்னார். நாலாவது, ஜன்னல் மூலை. அங்கே தரையில் புது வண்ணத்தையும் மீறி ஒரு கறை தெரிந்தது.

"உங்கள போகச் சொல்ல எனக்கு வாய் வரல, அக்கா. இடம் கிடைக்கிற வரைக்கும் இங்கயே இருங்க."

இப்படியா சொல்வது என்று அவரிடம் சண்டைபோட்டேன்.

"அவங்க எங்கடி போவாங்க? எங்க போனாலும் லைன்லதான் நிக்கணும்."

அவள் இருந்தாள்.

முதலில் வாசனை. நாங்கள் தொடாத தைலம், கற்பூரமும் புதினாவும் கலந்தது, ஜன்னல் மூலையில் பட்டப்பகலில் குப்பென்று வரும். பிறகு சத்தம். எங்கள் மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும்போதெல்லாம் ஊன்றுகோல் ஒன்று ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும். டொக், டொக் என்று கதவு வரைக்கும் வரும். நிற்கும். வெளியே காலடி வேறு வீட்டுக்குப் போனதும், மெதுவாகத் திரும்பிப் போகும்.

அழைத்துப்போக ஆள் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள்.

சீழ் பிடிக்கவில்லை, ஆனால் அப்பாவின் கால்கள் தளர்ந்தன. இடது காலை ரப்பர் செருப்போடு இழுத்து இழுத்து நடந்தவர், பிறகு படுத்துவிட்டார். நூடுல்ஸ் கடை வேலையை விட்டால் சோறில்லை, அவரைத் தனியே விடவும் முடியாது. அவருக்கும் முதியோர் இல்லத்தில் இடம் கேட்டோம். காத்திருங்கள் என்றார்கள்.

ஒரு நாள் மதியமே வீடு திரும்பினேன். கட்டிலில் அப்பா கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் காலருகே மெத்தை அமுங்கியிருந்தது.

ஒருவர் உட்காரும் அளவுக்கு.

"மறைக்காத, தள்ளி நில்லு," என்றார் அப்பா கிசுகிசுப்பாக. "வர்றவங்களுக்கு முதல்ல இவங்க தெரியணும்."

அந்தக் குளிர்காலத்தில், கதவைப் பார்த்தபடியே அப்பா போனார். அன்றைக்கே, முதியோர் இல்லத்தில் இடம் ஒதுக்கும் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். வசந்தம் வந்த பிறகு ஒரு பகலில் லிஃப்ட் நின்றது, எங்கள் கதவு தட்டப்பட்டது. சக்கர நாற்காலியோடு இரண்டு பேர்.

"லாவ் கின்-சௌ ஐயா ரெடியா? இடம் வந்திருக்கு."

அப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன். தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று அந்த ஆள் சங்கடப்பட்டார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு ஆத்திரம்.

எனக்குப் பின்னால் ஊன்றுகோல் கிளம்பியது.

டொக். டொக்.

இந்தத் தடவை அது வாசலில் நிற்கவில்லை.

தைல வாசனை என் தோளை உரசிக்கொண்டு போனது. நாற்காலியின் தோல் இருக்கை கிறீச்சிட்டு அமுங்கியது.

அந்த ஆள் நாற்காலியைத் திருப்பித் தள்ளினார். நகரவில்லை.

"பிரேக் போட்டு வச்சிருக்கியா?"

"இல்லையே," என்றார் கூட வந்தவர்.

இருவரும் சேர்ந்து, குனிந்து, காலி நாற்காலியை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடியது.

அப்பாவின் இடத்தில் அவள் போய்விட்டாள். கோபப்பட முடியவில்லை. வரிசையில் அவள்தானே முன்னால்? உள்ளே வந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஜன்னல் மூலையில் தைல வாசனை இல்லை.

சாயங்காலம் லிஃப்ட் மறுபடி எங்கள் மாடியில் நின்றது.

கட்டிலடியில் ஏதோ அசைந்தது.

ரப்பர் செருப்பு. இடது காலை இழுத்து இழுத்து, என்னைத் தாண்டிக் கதவு வரைக்கும் வந்து நின்றது.

"பக்கத்து வீட்டுக்காரர்தாம்ப்பா," என்றேன்.

செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, ஜன்னல் மூலைக்குப் போனது.