பலகை தாண்டிய வேந்தன்

"இந்தப் பலகையைத் தாண்டிப் பாருடா, அப்புறம் தெரியும் சேதி!"

செவ்வந்தி விரலை ஆட்டிச் சவால் விட்டபோது மதியம் மூன்று மணி. சவாலை ஏற்றுக்கொண்டவன் அவளுடைய தம்பி வேந்தன். வயது ஒன்பது மாதம், பல் இரண்டு.

ஒன்பது மாதத்தில் ஊர்ப் பிள்ளைகள் முட்டி தேயத் தவழும். இந்தப் பயல் நடந்தான்! மூன்று வாரமாக வீட்டையே படாத பாடு படுத்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயந்து அடுப்பு மேடை ஏறியது, தண்ணீர் வாளி கவிழ்ந்து கிடந்தது, அரிவாள்மணை பரணுக்குப் போனது. முன்வாசலில் அப்பா முழ உயரத்துக்குப் பலகை அடித்தார். அவன் அதில் முக்காலியைச் சாய்த்து ஏறப் பார்த்தான். பதின்மூன்று வயதுச் செவ்வந்திக்கு அவன் தம்பியாகவே தெரியவில்லை, சுத்தமான எதிரி.

இதில் பெரிய கொடுமை, அவன் நடப்பதை வெளியே மூச்சு விடக் கூடாது. "சீக்கிரம் நடக்குற பிள்ளைன்னு தெரிஞ்சா கண்ணு பட்டுரும்டி" என்று அம்மா அவளிடம் வேந்தனின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மீறினால் தம்பிக்கு ஆகாது. யாராவது வந்தால் அவனைச் சட்டென்று இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஒரே வரிசையாக நின்ற பன்னிரண்டு லைன் வீடுகளிலும் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

முக்கியமாக, ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாக்கியத்துக்குத் தெரியவே கூடாது. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் அவள் வேந்தனின் கன்னத்தைத் தொட்டாள், மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கு அம்மா போட்ட சண்டையோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எதிரில் பார்த்தால் பாக்கியம் காறித் துப்பிவிட்டுப் போவாள். செவ்வந்தியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று ஞாயிறு. அம்மாவும் அப்பாவும் பஜாருக்குப் போயிருந்தார்கள். செவ்வந்தி எதிரியின் கையில் ஒரு ரஸ்க்கைத் திணித்துவிட்டு, பின்கதவைத் திறந்து கஞ்சித் தண்ணீரைக் கொட்டினாள். உள்ளே வந்து கதைப் புத்தகத்தில் மூழ்கிப்போனாள்.

அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. வீட்டில் எதுவும் விழவில்லை, உடையவில்லை!

துள்ளி எழுந்தாள். பின்கதவில் கொண்டி போடாமல் விட்டிருந்தாள்! வெளியே மூடுபனி சுவர் மாதிரி நின்றது.

"வேந்தா!"

அவள் போட்ட அலறலில் லைன் முழுக்கக் கூடிவிட்டது. கட்டிலுக்கடியில், விறகு அடுக்கில், கோழிக் கூண்டில் எல்லாம் தேடினார்கள். பிள்ளை இல்லை.

"தவழுற பிள்ளை இருபதடி தாண்டாதே!" என்றார் அந்தோணி மேஸ்திரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் நாயைத் தூக்குச்சே, அதே சிறுத்தைதான். மேல காட்டோரம் போவோம். கம்பெடுங்கடா!"

ஆண்கள் தடதடவென்று மேட்டில் ஏறிப் பனிக்குள் மறைந்தார்கள். செவ்வந்தி அவர்கள் பின்னால் இரண்டடி ஓடி நின்றாள். வேந்தன் தவழ்பவன் இல்லை. இந்நேரம் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பான். ஆனால் வாயைத் திறந்தால் சத்தியம் மீறும், தம்பி செத்துப்போவான். வாயைத் திறக்காவிட்டாலும் சாவான்.

யாரோ அவள் தோளைப் பிடித்து முரட்டுத்தனமாகத் திருப்பினார்கள். பாக்கியம்! கையில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி.

"பிள்ளை நடப்பான்னு சொல்லேன்டி! எதுக்கு மரம் மாதிரி நிக்கிற?"

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவளுக்குக் காது இல்லையா? மூணு வாரமா டப்பு டப்புன்னு நடக்குறான், தொப்புன்னு விழறான். அதுவா கேக்காது?"

"நீங்களே சொல்லுங்களேன்!"

"நான் சொன்னா, 'மலடி கண்ணு வெச்சா, பிள்ளை போச்சு'ன்னு என்னைத்தான் கல்லால அடிப்பாங்க. நீ சொல்லு!"

செவ்வந்தி கண்ணை இறுக மூடினாள். "தம்பி நடப்பான்! மூணு வாரமா நடக்குறான்! எல்லாரும் திரும்பி வாங்க!"

கூட்டத்தில் ஒருத்தி சேலையைச் செருகிக்கொண்டு ஆண்களைக் கூப்பிட மேட்டில் ஓடினாள். பாக்கியம் காத்திருக்கவில்லை. "அவங்க வந்து சேர்றதுக்குள்ள பொழுது போயிரும். கைக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டு வா!"

செவ்வந்தி ஒரு அண்டா மூடியையும் இரும்புக் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள்.

வீடுகளுக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்தில் மழைநீர்க் கால்வாய் ஓடியது. பின்கதவுக்கு நேராக மட்டும் அதன்மேல் புதுப் பலகைகள் கிடந்தன. நடுவில், செக்கச் சிவந்த சேற்றில் ஐந்து குட்டி விரல்களின் தடம்!

"இது அப்பா போட்டதுதானே?"

"உங்கப்பா எங்க போட்டாரு? நடந்து பழகுற பிள்ளை என்னிக்காவது வெளிய வருவான்னு மூணு வாரத்துக்கு முன்னாடியே போட்டேன். வாயைப் பார்க்காம தரையைப் பாரு!"

பாதை தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடுகிடுவென இறங்கியது. கிளைகள் கையைக் கீறின. அட்டைகள் காலில் ஏறின. கையெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் ஈரத்தில் ஊறிய ரஸ்க் துண்டு கிடந்தது.

"எங்கதான் போறான் சனியன்!" செவ்வந்தி அழுதுகொண்டே திட்டினாள்.

"என் ஆட்டுகிட்ட. செல்லியோட கழுத்து மணி கேட்டாப் போதும், அந்தப் பக்கம் சுவத்தைத் தட்டுவான். இன்னைக்கு அவளைக் கீழ பாறைகிட்ட கட்டியிருக்கேன்."

பனிக்குள்ளிருந்து மணி கேட்டது. கிணி... கிணி... சட்டென்று நின்றது.

பாக்கியம் செவ்வந்தியின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "ஆடு அசையாம நிக்குது. எதையோ பார்த்துருச்சு. ஓடாதே. குனியாதே. நிமிர்ந்து நட."

பத்தடி நடந்தார்கள். பனி கொஞ்சம் விலகியது. முளையில் கட்டிய செல்லி விறைத்து நின்றாள். அவளுடைய கயிற்றைப் பிடித்தபடி வேந்தன், உடம்பெல்லாம் சேறு. எதிரே பாறையில் சிறுத்தை படுத்திருந்தது! அதன் வால் நுனி மட்டும் ஆடியது.

வேந்தன் அந்த வாலைப் பார்த்தான். வாயெல்லாம் சிரிப்பு. "ங்கா!" என்றபடி பாறையை நோக்கி ஒரு அடி வைத்தான். அடுத்த அடியும் வைத்தான்!

செவ்வந்தி ஓடத் துடித்த காலை அடக்கிக்கொண்டு, நிமிர்ந்து, கரண்டியால் மூடியை ஓங்கி அடித்துக்கொண்டே நடந்தாள். டணார்! டணார்! சிறுத்தை பல்லைக் காட்டிச் சீறியது, ஆனால் நகரவில்லை. பசித்த மிருகம். அது பதுங்கி முதுகைத் தாழ்த்தியது.

பாக்கியம் ஆட்டை ஒருமுறை பார்த்தாள். அவள் வீட்டில் அவளைத் தவிர இருந்த ஒரே உயிர் அது. அதன் பக்கத்தில் போய்க் கத்தியை வீசினாள். செல்லியின் கழுத்துப் பட்டை அறுந்தது. பின்புறம் ஓங்கி ஒரு அறை. "ஓடுடி!"

ஆடு பள்ளத்தில் பாய்ந்தது. மஞ்சளாக ஏதோ செவ்வந்தியின் பக்கத்தில் கடந்துபோனது. கீழே ஒரே ஒரு கதறல், அவ்வளவுதான்.

செவ்வந்தி தம்பியை வாரி எடுத்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். வேந்தனுக்கு எந்தக் கவலையும் இல்லை. அறுந்த பட்டையை அவன் இழுத்துக்கொண்டான், மணி கிணிகிணித்தது.

"அத்தை..." என்றாள் செவ்வந்தி. மாதக்கணக்கில் வராத வார்த்தை அது.

"அத்தையாவது ஒண்ணாவது! நட." பாக்கியம் பள்ளத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பாதி மேட்டில் கம்புகளோடு வந்தவர்கள் எதிர்ப்பட்டார்கள். பிள்ளையைப் பார்த்ததும் எழுந்த ஆரவாரத்தில் மலையே அதிர்ந்தது! அந்தோணி மேஸ்திரி வேந்தனைத் தோளில் தூக்கிவைத்து ஊர்வலமாகவே கொண்டுபோனார்.

அதற்குள் அம்மாவும் அப்பாவும் பஜாரிலிருந்து வந்திருந்தார்கள். அழுது முடித்து எல்லாம் கேட்டபின், அம்மா கை நிறைய உப்பும் மிளகாயும் அள்ளினாள். பிள்ளைக்குச் சுற்றிப் போடத்தான். அதைப் பார்த்ததும் வாசலில் நின்ற பாக்கியம் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். யாருடைய கண்ணுக்கு அந்த மிளகாய் என்று அவளுக்கா தெரியாது?

"பாக்கியம், எங்க போற? உள்ள வந்து உக்காரு" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. அப்பா வாசல் பலகையைப் பெயர்த்தெடுத்து வழிவிட்டார். அம்மா அவளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, வேந்தனை மடியில் போட்டு, செவ்வந்தியையும் பக்கத்தில் இருத்தி, மூன்று பேருக்கும் சேர்த்துச் சுற்றினாள். "பாக்கியம், உன் மேலதான்டி எல்லார் கண்ணும். என் கண்ணும்தான்" என்று மிளகாயை அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி குப்பென்று ஏறி எல்லாரையும் இருமவைத்தது.

"என் ஆட்டைத் தின்னவன் இவன்" என்றாள் பாக்கியம் இருமலுக்கு நடுவில். "சும்மா விடமாட்டேன்." அவனை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் செவ்வந்தி பின்கதவுக் கொண்டியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வேந்தனின் அரைஞாண் கயிற்றில் செல்லியின் மணி தொங்கியது. அதை அம்மாவே கட்டியிருந்தாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

வேந்தன் எழுந்தான். கிணி, கிணி, கிணி. நேராகப் பின்கதவுக்கு.

சுவரின் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு விழுந்தது. "டேய்! எங்கடா போற?"

மணி நின்றது.