முன்பாய் யாருக்கு?

அம்மாவின் தையல் அறைக்குக் கதவு குள்ளம். உள்ளே நுழையும்போது பெரியம்மா மகள் நெற்றியை 'ணங்'கென்று இடித்துக்கொண்டாள்.

பட்டாணிக்கு அந்த மாதம் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

"ஐயோ, பார்த்து வா கண்ணு!" அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவள் நெற்றியைத் தேய்த்துவிட்டார்.

பாய்ப்படகுகளுக்குப் பாய் தைப்பதுதான் அம்மாவின் தொழில். அறை முழுக்க வெள்ளைத் துணி மலை மலையாகக் கிடக்கும். அந்த மலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கிழிசலுக்கு ஒட்டு வெட்டிக்கொண்டிருந்தாள் பட்டாணி.

"நான் இடிச்சுக்கிட்டா மட்டும், 'கண்ணு என்ன முதுகிலயா இருக்கு?'ன்னு கேப்பீங்க" என்று முணுமுணுத்தாள்.

"நீ எப்படி இடிச்சுப்பே? கதவுல பாதிகூட இல்லையே நீ!" என்றான் அண்ணன்.

பெரியம்மா மகள் சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரித்தான். அம்மாகூடச் சிரித்தார். பட்டாணியின் கையில் இருந்த கத்தரிக்கோல் கோணலாக ஓடி, ஒட்டுத் துணி பாழாய்ப் போனது.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது பட்டாணி மாதிரி இருந்தாளாம், பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்குப் பதினைந்து. இருவருக்கும் சேர்த்து ஒரு சின்னப் பாய்ப்படகு இருந்தது. இரண்டே பேர் போகிற படகு. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவருக்கு முன்பாய் என்ற சின்னப் பாய். காற்று படகைச் சாய்க்கும்போது, இருவரும் உயர்ந்த விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்ந்து, படகை நிமிர்த்த வேண்டும்.

இரண்டு வருடமாக முன்பாய் பட்டாணியுடையது. "பாய்மரத்துக்கு முன்னால எல்லாம் உன் ராஜ்ஜியம். நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்று அண்ணனே சொல்லியிருந்தான்.

அப்படிச் சொன்னவன்தான், பதின்மூன்று வயதுப் பெரியம்மா மகள் விடுமுறைக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே கட்சி மாறினான்.

"இந்த வருஷம் இருவர் பந்தயத்துல இவ முன்னால இருக்கட்டும். காத்து பலமா அடிக்கிற மாசம். நீ வெளியே சாஞ்சா, சாஞ்சது படகுக்கே தெரியறதில்ல."

படகுக்கே தெரிவதில்லையாம்!

ஒரு வாரம் மூன்று வேளையும் இரண்டு மடங்கு சாப்பிட்டுப் பார்த்தாள் பட்டாணி. எடை கூடவில்லை. வயிற்றுவலிதான் வந்தது.

பெரியம்மா மகளை 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வாயால் அக்கா என்று கூப்பிட்டாள். மனத்துக்குள் 'நெட்டைக்கொக்கு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். கொக்கோ கயிறு இழுக்கவும் முடிச்சுப் போடவும் மடமடவென்று கற்றுக்கொண்டது. ஒவ்வொரு முடிச்சுக்கும் அண்ணன் "சபாஷ்!" என்றான். ஒவ்வொரு சபாஷுக்கும் பட்டாணியின் வயிறு எரிந்தது.

போதாததற்கு, கற்றுக்கொடுக்கும் வேலையே அவளுடையதுதான். "முன்பாயைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீயே சொல்லிக்கொடு" என்று அண்ணன் அவள் தலையில் கட்டிவிட்டான்.

முன்பாய்க்கு இரண்டு கயிறு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு கயிறும் ஒரு கப்பி வழியாக வந்து, பல் வைத்த ஒரு பிடிக்குள் மாட்டிக்கொள்ளும். படகைத் திருப்பும்போது கயிற்றை மேல்நோக்கி ஒரு சொடுக்குச் சொடுக்கினால் பிடி விட்டுவிடும். உடனே மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இடப்பக்கப் பிடியில் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. மெல்லிய காற்றில் ஒழுங்காக இருக்கும். கொக்கு பழகியதெல்லாம் காற்று அடங்கியிருக்கும் காலை வேளைகளில்தான். காற்று பலத்தால் என்ன சொடுக்கினாலும் விடாது. பிடியின் பக்கவாட்டில் குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட வேண்டும். பட்டாணியின் குதிகாலுக்கு அது பழகிப்போனதால், ஸ்பிரிங்கை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்கு அப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

பந்தயத்துக்கு முந்தின நாள், உப்புப் போகப் படகை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து கேட்டான்.

"எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டியா?"

"ம்."

"எல்லாம்?"

"எல்லாம்னா எல்லாம்!"

சொல்லும்போது குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரே ஒரு தடவை கயிறு சிக்கட்டும். எல்லோருக்கும் முன்னால் கொக்கு திருதிருவென்று முழிக்கட்டும். முன்பாய் யாருக்கு என்று அப்போது தெரியும்.

மறுநாள் காலையில் படகுத்துறையில் தபால்கார மாமா தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என் ஜோடி காலைச் சுளுக்கிக்கிட்டான். பன்னிரண்டு வருஷமா இந்தப் பந்தயத்துல நான்தான் கடைசி. இந்த வருஷம் கடைசியாக்கூட வர முடியாது போலிருக்கே!"

"நான் வரட்டுமா மாமா?"

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏறி இறங்க அதிக நேரம் ஆகவில்லை.

"நான் எடை இல்லாதவ" என்றாள் பட்டாணி, அவர் சொல்வதற்கு முன்பே.

"அதுக்கென்னம்மா? ஒன்றரை ஆள் எடை என்கிட்டயே இருக்கு. மீதிப் பாதிக்கு ஆள் கிடைச்சாச் சரி. ஏறு!"

சங்கு ஊதியது. எட்டுப் படகுகள் புறப்பட்டன.

சுக்கான் பிடிப்பதில் மாமா மோசமில்லை. தண்ணீரைப் பார்க்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. பட்டாணிக்கு அது தெரியும்.

"மாமா, வலப்பக்கம் பாருங்க. தண்ணி கருப்பா சுருங்குதுல்ல? அங்கேதான் காத்து. அங்கே போங்க!"

போனார்கள். ஒரு படகைத் தாண்டினார்கள். அப்புறம் இன்னொன்று. கடைசி மிதவையைச் சுற்றி, முடிவுக் கோட்டை நோக்கித் திரும்பியபோது, அவர்களுக்கு முன்னால் இரண்டே படகுகள்தான் இருந்தன. இரண்டாவதாகப் போனது அண்ணனுடையது.

"நாம மூணாவது!" மாமாவுக்கு வாயெல்லாம் பல். "ஏம்மா, கனவா இது? கிள்ளு என்னை!"

"கை வேலையா இருக்கு மாமா" என்றாள் பட்டாணி. அவள் கண் முன்னால் போகும் படகிலேயே இருந்தது. கொக்கு நன்றாகத்தான் சாய்ந்தது. படகுக்கு நன்றாகவே தெரியும்படி சாய்ந்தது. பட்டாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் காற்று ஏறியது. துறைமுகத்தின் கல் சுவர் நெருங்கிவிட்டதால், அண்ணன் படகைத் திருப்பினான். பெரிய பாய் பக்கம் மாறியது. முன்பாய் மாறவில்லை. இடப்பக்கப் பிடி விடவில்லை.

'மாட்டுச்சா!' என்றது பட்டாணியின் மனம். துள்ளிக் குதிக்காத குறை.

முன்பாய் தப்பான பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. படகு ஒருக்களித்துச் சாய்ந்தது. பெரியம்மா மகள் இரண்டு கையாலும் கயிற்றைச் சொடுக்கினாள். மறுபடி சொடுக்கினாள். அண்ணன் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். படகு அவன் பேச்சைக் கேட்காமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அது போய்க்கொண்டிருந்த பக்கத்தில் கல் சுவர் இருந்தது. அலை சுவரில் மோதி ஆளுயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. உதவிக்கு நிற்கும் மோட்டார் படகோ விரிகுடாவின் அந்தக் கோடியில் இருந்தது.

பட்டாணியின் துள்ளல் அடங்கிவிட்டது.

"மாமா... கயிறு ஏன் விடலைன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிடியை உதைக்கணும். நான் அவகிட்ட சொல்லல. வேணும்னேதான் சொல்லல."

மாமா ஒரு நொடி அவளைப் பார்த்தார். அப்புறம் முடிவுக் கோட்டைப் பார்த்தார்.

"நாம மூணாவது" என்றார் மெதுவாக.

"தெரியும் மாமா."

"பன்னிரண்டு வருஷத்துல..."

"தெரியும் மாமா."

"அப்புறம் எதுக்கு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கே? கயிறை விடு, திருப்புறேன்! ஆபத்துல இருக்கிறவங்களுக்கு உதவணும்ங்கிறதுதான் பந்தயத்துல முதல் விதி. அவங்களுக்குக் கேக்கிற மாதிரி இங்கிருந்தே கத்து!"

"இங்கிருந்து கத்தினா நம்ம சத்தத்தைக் காத்து நம்ம மூஞ்சியிலயே திருப்பி அடிச்சிடும். காத்து வர்ற பக்கமாப் போயிடலாம். அங்கிருந்து கத்தினா, காத்தே கொண்டுபோய்க் கொடுத்துடும்."

"நம்ம தொழில்தானே? சரி, கொண்டுபோய்க் கொடுக்கட்டும்" என்று மாமா சுக்கானைத் தள்ளினார்.

பின்னால் வந்த ஐந்து படகுகளும் விர்விர்ரென்று அவர்களைத் தாண்டிப் போயின. மாமா திரும்பியும் பார்க்கவில்லை. காற்று வரும் பக்கமாகப் படகு ஏறியதும், பட்டாணி எழுந்து நின்று பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! உதைங்க!"

"யாரை?" என்று அலறினாள் பெரியம்மா மகள். அண்ணன் பயந்து காலை இழுத்துக்கொண்டான்.

"பிடியை! இடப்பக்கப் பிடியை! சைடுல! குதிகாலால!"

பெரியம்மா மகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த நீளக் காலை மடக்கி ஓங்கி ஓர் உதை விட்டாள்.

கயிறு சடாரென்று விட்டது. முன்பாய் படபடத்துக்கொண்டு மறுபக்கம் பறந்தது. அண்ணன் சுக்கானைத் திருப்ப, படகு நிமிர்ந்து, கல் சுவருக்கு ஒரு துடுப்பு தூரத்தில் வளைந்து வெளியே வந்தது.

பட்டாணி பாய்மரத்தை விட்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தபால்கார மாமா ஏழாவதாக வந்தார். அண்ணன் எட்டாவதாக வந்தான்.

"பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையா நான் கடைசி இல்ல!" என்று மாமா படகுத்துறையில் கண்ணில் பட்டவர்களின் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினார். மீன் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், எதற்கென்றே தெரியாமல் நான்கு முறை குலுக்கு வாங்கினார்.

பட்டாணி அண்ணனின் படகருகே போய் நின்றாள்.

"எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்னு சொன்னது பொய். பிடியைப் பத்தித் தெரிஞ்சும் சொல்லல. எனக்குப் பொறாமை."

அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "கல்லுல மோதியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள். "சும்மா முழிக்கட்டும்னுதான் நினைச்சேன். கல் சுவரை நான் நினைக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க அக்கா."

பெரியம்மா மகள் ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். நிறைய நேரம் பிழிந்தாள்.

"ரொம்ப மோசம் நீ" என்றாள் கடைசியில்.

பட்டாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா, ஒரு மாசமா இவன் என்னைப் படுத்தின பாடு தெரியுமா? நான் கயிறைத் தொட்டாப் போதும். 'பட்டாணி இப்படி இழுக்க மாட்டா. பட்டாணி இதுக்குள்ள மாத்தியிருப்பா. பட்டாணிக்குக் காத்து வர்றது முன்கூட்டியே தெரியும்.' பட்டாணி, பட்டாணி, பட்டாணி! உன் பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

பட்டாணி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். "என்கிட்ட சபாஷ்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே நீ!"

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றான் அண்ணன், ஒன்றும் புரியாமல்.

"அப்புறம்..." பெரியம்மா மகள் குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் உன் செருப்புல ஒண்ணு காணோம்னு தேடினியே. அது என் பையிலதான் இருக்கு."

பட்டாணியின் வாய் திறந்தபடியே நின்றது. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடிக்க நேரம் ஆனது.

அன்று மதியம் இருவருமாக அந்தப் பிடியைக் கழற்றினார்கள். பட்டாணி குனிந்து படகுக்குள் புகுந்து அடியில் இருந்த நட்டைப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா மகள் மேலே இருந்து திருகினாள். உள்ளே உப்பு கட்டி கட்டியாக இருந்தது. சுரண்டிக் கழுவி, புது ஸ்பிரிங் போட்டு, திரும்ப மாட்டினார்கள். கயிற்றைப் பூட்டி இழுத்து, லேசாகச் சொடுக்கினாள் பட்டாணி. 'டக்'கென்று விட்டது.

அண்ணன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுமுறை முடிஞ்சு இவ போயிடுவா. அடுத்த மாசப் பந்தயத்துக்கு நீ என்கூடத்தானே?" என்று கேட்டான்.

"இல்ல அண்ணா. தபால்கார மாமாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அவருக்கு மூணாவதா வரணுமாம்."

"அந்த மாமாவோடயா? என்னை விட்டுட்டா?" அண்ணனின் உதடு பிதுங்கியது. புருவம் சுருங்கியது. மூக்கு விடைத்தது.

அது பொறாமை என்று அவனுக்கே தெரியவில்லை. பட்டாணிக்குத் தெரிந்தது. ஒரு மாதமாக அவள் தூக்கிக்கொண்டு திரிந்த அதே முகம்தான் அது.