கானமயிலுக்கு வந்த பதில்

அபிதா ஜீப்பை விட்டு இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இளையரசனேந்தலுக்குப் போகிற வழியில், ஊரை விட்டு விலகிக் கிடந்த கரிசல் தரிசு அது. உடைமரமும் காய்ந்த புல்லும், நடுவில் ஒரு பெரிய பள்ளமும்தான் கண்ணில் பட்டன. அங்கே சோலார் பேனல் பதிக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அழிந்துவரும் உயிரினம் ஏதாவது அங்கே வாழ்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அபிதாவின் வேலை.

இந்த வேலையில், தேடுகிற பறவையின் பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த இனம் பக்கத்தில் இருந்தால் பதில் கொடுக்கும். புல்வெளியில் வாழும் பெரிய தரைப்பறவையான கானமயிலின் குரலை அபிதா போட்டாள். அடித்தொண்டையிலிருந்து எழும் கனத்த முழக்கம். இந்தப் பக்கம் கானமயிலைக் கண்டவர்களே இப்போது உயிரோடு இல்லை. கடமைக்குத்தான் போட்டாள்.

பதில் வந்தது.

நெஞ்சு துள்ளியது. மறுகணமே சந்தேகமும் வந்தது. கானமயில் உண்டென்று எழுதினால் திட்டம் நின்றுவிடும். அது பொய்யென்று தெரிந்தாலோ, அதன்பின் அபிதாவை நம்பி யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். திட்டம் நின்றால் யாருக்கு லாபம்? சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாடத்திக்கு. மேய்ச்சல் நிலம் போகிறதென்று கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவள். குரலைச் செல்போனில் பதிந்து திருப்பிப் போட, பள்ளத்தில் யாரையாவது ஒளித்து வைத்திருப்பாள்.

அபிதா அவளைக் கைகாட்டி வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு, இமயமலையை விட்டு இறங்காத ஒரு பறவையின் கூவலைப் போட்டாள். பள்ளத்தில் இருப்பது நிஜக் கானமயிலானால் அதற்கு வாயைத் திறக்காது.

அதே கூவல் திரும்பி வந்தது.

எதிரொலி என்று சொல்ல முடியாது. அவசரப்படாமல், யோசித்துவிட்டுச் சொல்வதுபோல வந்தது. ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் பார்த்தன. ஈர மண் வாடை அடித்தது. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

மாடத்தி குரலைத் தாழ்த்தினாள். "இங்கன நாங்க யாரையும் கூப்பிட மாட்டோம் தாயி. ஆட்டக்கூடக் கல்லெறிஞ்சுதான் திருப்புதோம். எதக் கேட்டாலும் அது படிச்சுக்கிடும்."

கெட்டிக்காரிதான் என்று அபிதா நினைத்தாள். எரிச்சலோடு எழுந்து பள்ளத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"யாருலே அது? வெளிய வா."

கொஞ்ச நேரம் காற்றுகூட அசையவில்லை.

"யாருலே அது?"

அபிதாவின் குரல்.

"வெளிய வா." இம்முறை இன்னும் கிட்டத்தில்.

மாடத்தி ஆடுகளைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அபிதாவும் ஸ்பீக்கரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினாள்.

மறுநாள் சங்கரன்கோவில் லாட்ஜில், காபியும் பகல் வெளிச்சமும் கொஞ்சம் தெம்பைத் தந்தன. பேய் இருக்கிறதென்று அரசாங்கத்துக்கு எழுத முடியுமா என்ன? அந்த நேரம் பார்த்து மாடத்தி போன் செய்தாள். அங்கே ஆளை இறக்க விடாதீர்கள், பறவை இருக்கிறதென்றே எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினாள். அபிதாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று நடந்த நாடகம் இதற்குத்தானா? பயந்து ஓடியதை நினைத்து வெட்கமாக இருந்தது. பாதுகாக்க வேண்டிய உயிரினம் எதுவும் அங்கே இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

வேலை தொடங்கிய வாரம், நல்ல மத்தியானத்தில், கம்பெனியின் சைட் மேனேஜர் சங்கரபாண்டியன் போனில் வந்தார்.

"மேடம், சொல்லாமக் கொள்ளாம வந்து பள்ளத்துக்குள்ள என்ன செய்யுதீக? நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டீகன்னு ஆளுக ஒவ்வொருத்தனா இறங்கிட்டான். ஒருத்தனையும் இன்னும் காணோம்."

அபிதா எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, நான் சிவகிரியில எங்க வீட்டுல இருக்கேன். அங்கன போகாதீக."

போனில், அவருக்குப் பின்னாலிருந்து, அவளுடைய குரலே நிதானமாகக் கேட்டது.

"வாங்க அண்ணாச்சி. இங்கன ஒண்ணுமில்ல."

சங்கரபாண்டியன் சிரித்தார். "இந்தா வாரேன் மேடம்" என்றார், போனை விட்டு முகத்தைத் திருப்பி.