ஒரு நிமிசம் அசையாதேங்கோ

வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஹெட்போனில் மூன்று மூச்சு கேட்டது.

நிசாந்தினி அதைக் கழற்றினாள். மத்தியான வெயிலில் தகரக்கூரை முறுகும் சத்தமும், முற்றத்தில் காய்கிற மிளகாயின் நெடியும், எங்கோ ஒரு காகமும் தவிர அந்த வவுனியா வீட்டில் வேறொன்றும் இல்லை. எதிரே மீனம்மா, பனையோலை விசிறியோடு. பக்கத்தில் யாரும் உட்காராத ஒரு கதிரை. இரண்டு வருசத்துக்கு முன் விறகு வெட்டக் காட்டுக்குப் போய்த் திரும்பாத அவள் புருசன் வீரையாவின் கதிரை.

பேட்டி முடிந்துவிட்டது. இனி வேண்டியது, ஆள் சத்தமில்லாத வீட்டின் சத்தம் ஒரு நிமிசம். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். கொழும்பில் ஒலிப்பதிவு படித்து முடித்து, தனியாக வேலை தேடி அலைந்த எட்டு மாதத்தில் ஒரேயொரு தொலைக்காட்சிக்காரர்தான் அவளை நம்பினார். முதல் கசெட்டில் அந்த நிமிசத்தை எடுக்க மறந்திருந்தாள்.

"இந்த முறையும் பிழைச்சால் இனி அனுப்ப வேண்டாம்" என்றிருந்தார்.

மூன்று மணி பஸ்ஸில் கசெட் போயாக வேண்டும்.

"அக்கா, திரும்ப எடுப்பம். ஒரு நிமிசம் கதையாதேங்கோ, அசையாதேங்கோ."

"என்னைய வாய மூட வைக்கிறியா? எம் புருசன் இருந்தா ஒனக்குக் கூலி குடுத்திருப்பாரு, புள்ள."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடுத்தாள். மறுபடியும் அந்த மூச்சு, சளி கட்டியது, நீண்ட தூரம் நடந்து வந்த ஆளின் மூச்சு. மைக்கைக் கதிரைப் பக்கம் திருப்பினாள். மூச்சுச் சத்தம் கூடியது.

"உள்ளுக்க ஆரும் இருக்கினமோ, அக்கா?"

"யாரு இருக்கா? நான் மட்டுந்தான்."

மணி இரண்டரை. பயத்தைவிட பஸ்தான் பெரிதாகத் தெரிந்தது. வெறுங்கதிரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, நீங்களும் ஒரு நிமிசம் அசையாம இருங்கோ."

மூச்சு நின்றது.

கண்ணை மூடி அறுபது எண்ணினாள். கூரை. காகம். வேறொன்றுமில்லை. நல்ல சுத்தமான ஒரு நிமிசம்.

"சரி, முடிஞ்சுது. இனி அசையலாம்."

மீனம்மா அசையவில்லை. விசிறி பாதி வழியில் நின்றது.

"அக்கா?"

திறந்திருந்த கண்ணில் ஈ ஒன்று உட்கார்ந்தது. நடந்தது. இமை மூடவில்லை.

ஹெட்போனில் கதிரை கிறீச்சிட்டது.

எழும்புகிற சத்தம். சிமெந்துத் தரையில் வெறுங்கால். ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது.

காதுக்குள் ஈரமான ஆண்குரல்.

"ஒரு நிமிசம் அசையாத, புள்ள."

ஹெட்போனைக் கழற்ற உயர்ந்த அவள் கை, பாதி வழியில் நின்றது.