பனிக்குள் உருண்ட பந்து

மதிவதனி தினமும் போய்வரும் பள்ளி வேனை ஓட்டுகிறவரை எல்லோரும் சேம்சைடு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது பிரவீனா டீச்சர் கொடுத்த வேலை.

வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அவர்கள் பள்ளிக்கு அந்த வருடம் ஐம்பது வயது. சனிக்கிழமை விழா.

"நம்ம ஸ்கூல் ஒரே ஒரு தடவைதான் ஃபுட்பால் ஃபைனல் வரைக்கும் போயிருக்கு. அதுல விளையாடினவங்ககிட்டப் பேசி எழுதிட்டு வா. மேடையில நீயே படிக்கணும்" என்றார் டீச்சர்.

மதிவதனி ஆறாம் வகுப்பு. அவளுக்கு இது சுலபமான வேலை. அவள் அப்பா அன்புமணிதான் அந்த அணியின் கோல்கீப்பர். கேப்டனாக இருந்த செங்கோட்டையன், பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறார். சாயங்காலமானால் பழைய அணியில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

நோட்டோடு போய் உட்கார்ந்தாள். கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை.

"பதினோரு பேருக்கு ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் கண்ணு" என்று ஆரம்பித்தார் செங்கோட்டையன். "இடது கால் பூட்ஸ் எனக்கு. வலது கால் உங்கப்பனுக்கு. மத்தவங்களுக்கு வெறுங்கால்."

"கிரவுண்டு வேற ஒரே சரிவு" என்றார் இன்னொருவர். "பந்து தேயிலைக்குள்ள உருண்டுச்சுன்னா தேடி எடுக்கறதுக்குள்ள பாதி ஆட்டம் முடிஞ்சுரும்."

"அட்டையை விட்டுட்டீங்களே" என்றார் அப்பா. "ஆட்டம் முடிஞ்சா, யாரு கால்ல எத்தனை அட்டை கடிச்சிருக்குன்னு எண்ணுவோம். அதுல நாங்கதான் எப்பவும் ஜெயிப்போம்."

மதிவதனி சிரித்துக்கொண்டே எழுதினாள். "ஃபைனல்ல என்ன ஆச்சுங்க மாமா?"

"கடைசி பத்து நிமிஷம். ரெண்டு பக்கமும் கோல் இல்ல. திடீர்னு பனி எறங்கிருச்சு. பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியல. பனி விலகிப் பார்த்தா, நம்ம கோலுக்குள்ளயே பந்து கெடக்குது. அடிச்சது யாருன்னா, நம்ம ஆளு."

தன் பக்கத்துக் கோலில் தானே பந்தை அடித்துவிட்டால், அதற்கு சேம்சைடு கோல் என்று பெயர். அன்று ஒட்டிய பெயர்தான் வேன் மாமாவுக்கு இருபத்தேழு வருடமாக நிற்கிறது.

கடையே சிரித்தது.

"அவரோட நெசப் பேரு என்னங்க? நோட்டுல எழுதணும்" என்றாள் மதிவதனி.

செங்கோட்டையன் தலையைச் சொறிந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாசாணம்" என்றார் அப்பா, டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை, மதிவதனி வேனில் முன் சீட்டில் ஏறினாள்.

"மாசாணம் மாமா, ஃபைனலைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயரைக் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"அவங்க சொன்னதையே எழுதிக்க அம்மணி. நான் அடிச்சதுதானே."

"நம்ம பக்கமே ஏன் அடிச்சீங்க?"

அவர் ஹாரனை அடித்து ஒரு கொண்டை ஊசி வளைவைத் திருப்பினார்.

"நான் கோலுக்கு அடிக்கல. எதிர்ப் பசங்க மூணு பேரு என்னைச் சுத்திக்கிட்டாங்க. ஒரே பனி. அன்புமணி பின்னாலதான நிப்பான், அவன்கிட்டத் தள்ளிவுட்டாப் புடிச்சுக்குவான்னு மெதுவாத்தான் தட்டினேன். உருண்டுதான் போச்சு. அவன் புடிக்கல."

"ஏன் புடிக்கல?"

"தெரியல கண்ணு. நானும் கேட்டுக்கல."

"சனிக்கிழமை விழாவுக்கு வருவீங்கதானே?"

"பொள்ளாச்சிக்கு ஒரு வாடகைச் சவாரி இருக்குது."

போன வருட ஆண்டு விழா அன்றும் அவர் பொள்ளாச்சிக்குத்தான் போயிருந்தார். அதற்கு முந்தின வருடமும்.

"என் சின்னவன் ஜூன்ல இந்த ஸ்கூலுக்கு வாரான்" என்றார் மாசாணம், கியரை மாற்றிக்கொண்டே. "அவனை சேம்சைடு மவன்னு கூப்பிடாம இருந்தாச் சரி."

பின்னாலிருந்து ஒரு குட்டிக் குரல் வந்தது. "சேம்சைடு மாமா, ஸ்கூல் போயிருச்சுங்க."

அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தார்கள். வேன் பள்ளி கேட்டைத் தாண்டி வந்திருந்தது.

சாயங்காலம் அப்பா தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். மதிவதனி துண்டோடு பக்கத்தில் நின்றாள்.

"மெதுவா உருண்டு வந்த பந்துதானுங்கப்பா. நீங்க ஏன் புடிக்கல?"

அப்பாவின் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அம்மா சமையல்கட்டில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் அங்க இல்ல."

"எங்க போனீங்க?"

"ஒண்ணுக்கு."

மதிவதனி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத. ஹாஃப் டைம்ல இருந்தே அடக்கிட்டு நின்னேன். பனி எறங்குச்சு. யாருக்கும் தெரியாதுன்னு தேயிலைக்குள்ள ஓடிப்போட்டேன். திரும்பி வந்தா பந்து உள்ள கெடக்குது. எல்லாரும் மாசாணத்தைத் திட்டிட்டு இருக்காங்க. பயத்துல எனக்கு வாயே வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு அப்படியே போயிருச்சு."

மதிவதனிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"அவரு ஒவ்வொரு விழாவுக்கும் பொள்ளாச்சி போயிடறாருங்கப்பா. அவரு பையனையும் சேம்சைடு மவன்னு கூப்பிடுவாங்களோன்னு பயப்படறாரு."

அப்பா துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அவள் நோட்டை விரித்து வைத்து யோசித்தாள். டீக்கடையில் சொன்னபடி எழுதினால் பள்ளியே மாசாணம் மாமாவைப் பார்த்துச் சிரிக்கும். நடந்ததை எழுதினால் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டையும் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பனி இறங்கிய இடம் வரைக்கும் எழுதி, மிச்சப் பக்கத்தைக் காலியாக விட்டு, அப்பாவிடம் காட்டினாள்.

"இதுவரைக்கும் நான் படிக்கிறேன். மிச்சத்தை நீங்க சொல்லுங்கப்பா. அங்க இருந்தது நீங்கதான்."

"அங்க இல்லாததுதான் கண்ணு பிரச்சினையே" என்றார் அப்பா. நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மதிவதனி பிரவீனா டீச்சரிடம் போனாள். "கீழ லயன் வீடுகள்ல இருக்கற குட்டிப் பிள்ளைங்களை விழாவுக்கு யாரு டீச்சர் கூட்டிட்டு வருவாங்க?" டீச்சர் உடனே வேன் மாமாவுக்கு ஃபோன் போட்டார். பிள்ளைகளுக்காக என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. பொள்ளாச்சி வாடகை தானாகவே காணாமல் போய்விட்டது.

சனிக்கிழமை மதிவதனி மேடையில் ஏறிப் படித்தாள். ஒற்றைப் பூட்ஸுக்கும் அட்டைக்கும் கூட்டம் கைதட்டியது. மாசாணம் கேட்டுக்கு வெளியே வேனில் சாய்ந்து, வேறெங்கோ பார்த்தபடி நின்றார்.

"அப்போது பனி இறங்கியது" என்று படித்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே படி என்று டீச்சர் சைகை காட்டினார். மதிவதனி காலியாக இருந்த பக்கத்தைப் பார்த்தாள். யாரோ நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

அப்பா மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஹாஃப் டைம், தேயிலை, உருண்டு வந்த பந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தக் கோல் என்னுது. அந்தப் பேரை இத்தனை வருஷம் அவன் சுமந்துட்டான். மாசாணம், என்னை மன்னிச்சுக்கடா."

கூட்டத்திலிருந்து செங்கோட்டையன், "அடப்பாவி, அதுக்காடா ஓடினே" என்றார். சிரிப்பில் பந்தலே ஆடியது.

எல்லோரும் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மாசாணம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நான் அந்தப் பக்கமே தட்டியிருக்க மாட்டேனே" என்றார்.

அப்பாவும் சிரித்துவிட்டார். முன்வரிசையில் தன் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் பழைய அணிக்கும் இப்போதைய பள்ளி அணிக்கும் ஒரு ஆட்டம் நடந்தது. பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மாசாணமும் இறங்கினார். வேன் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று "மாசாணம் மாமா, அடிங்க, அடிங்க" என்று கத்தினார்கள். நடுவில் லேசாகப் பனி இறங்கியபோது, அப்பா ஒரு கையால் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பழைய அணி நாலு கோல் வாங்கித் தோற்றது. ஆனால் நாலு கோலையும் எதிரணிதான் அடித்தது. அதைப் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, மாசாணம் மாமா ஆறிப்போன டீயைச் சந்தோஷமாகக் குடித்தார்.