நிறைந்திருந்த மண்சட்டி

1995ஆம் ஆண்டு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணி.

துடியலூரில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கும் லட்சுமணசாமியின் வீட்டுப் பின்புறத்தில், சீசர் என்னும் நாய் சங்கிலியோடு சாய்ந்து கிடந்தது. கண்கள் குழிந்திருந்தன. வாயோரத்தில் வெள்ளையாக நூல் நூலாய் ஏதோ ஒட்டியிருந்தது. விலா எலும்புகள் மட்டும் மெல்ல ஏறி இறங்கின.

"வெசம் வெச்சுப்போட்டாங்க அம்மணி," என்றார் லட்சுமணசாமி. போன் செய்ததும் வந்து எதிரில் நிற்பவர் சப்-இன்ஸ்பெக்டர் என்பது நினைவுக்கு வர, "மேடம்" என்று திருத்திக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி அதைப் பொருட்படுத்தவில்லை. நாயின் அருகில் குந்தி, அதன் பிடரித் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கிய தோல் மடித்த துணியைப் போல அப்படியே நின்றது. அவர் முகம் மாறியது.

லட்சுமணசாமியும் அவர் மனைவி நாச்சியம்மாளும் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளிக்கிழமை மாலை ஈரோடு போய், அரை மணி நேரத்துக்கு முன்புதான் திரும்பியிருந்தார்கள். வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, மாடியில் தங்கியிருக்கும், லட்சுமணசாமியின் தங்கை மகன் பிரவின்குமாருடையது. நாயின் அருகே செய்தித்தாளில் கறிச்சோறு விரிந்து கிடந்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு சிவப்பு மண்சட்டியில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது.

"சோறு பக்கத்து ஊட்டுச் சோறுங்க மேடம்," என்றான் பிரவின்குமார். "மெஹராஜ் அக்காவுக்கு இது குரைக்கறது ஆவாது. போன மாசம் மாமாகிட்டச் சண்டைக்கே வந்தாங்க."

நாச்சியம்மாள் ஒரு சொம்போடு விரைந்து வந்தார். "உப்புத் தண்ணி. நல்லாக் கெட்டியாக் கரைச்சிருக்கறேன். வாயில ஊத்துனா வாந்தி எடுத்துப்போடும்."

"ஊத்த வேண்டாங்க," என்றார் அன்புச்செல்வி.

"செத்துப்போச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

"சொல்றேனுங்க. இப்போதைக்கு ஒரு துணியை நல்ல தண்ணியில நனைச்சு, சொட்டுச் சொட்டா நாக்குல பிழிஞ்சு விடுங்க. ஒரேயடியா ஊத்தாதீங்க. ஐயா, நீங்க கால்நடை டாக்டருக்குப் போன் போடுங்க."

அந்த அம்மையார் அரை மனத்தோடு முந்தானையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்புச்செல்வி யோசித்தார். தாம் நினைத்தது பிழையானால் ஒரு நாய் போகும். சரியாக இருந்தும் நிரூபிக்க முடியாமல் போனால், மதில் சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் ஒரு பெண்ணின் பெயர் இந்தத் தெருவில் என்றைக்கும் தேறாது.

அவர் தரையைப் பார்த்தார். சங்கிலி எட்டும் எல்லையில், மதிலை நோக்கி, மண் நகங்களால் ஆழமாகப் பறிக்கப்பட்டிருந்தது. பிறகு மண்சட்டியின் வெளிப்பக்கத்தை விரல்களால் தொட்டார். வறண்டிருந்தது. விரல் நுனியில் செம்மண் தூசு ஒட்டியது.

"தம்பி, இந்தத் தண்ணி எப்ப வெச்சது?"

"நேத்து ராத்திரிங்க."

"ரெண்டு நாளும் ஊட்டுலதான் இருந்தீங்களா?"

"மாடியிலயேதான் இருந்தேனுங்க." அவன் குனிந்து கணுக்காலைச் சொறிந்தான். அங்கே சுண்ணாம்பு அப்பியிருந்தது. அதன் நடுவே இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"அது என்ன?"

"கொசுக்கடிங்க மேடம்."

மெஹராஜ் வரவழைக்கப்பட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்கக் கேட்டருகிலேயே நின்றார்.

"சோறு நீங்க போட்டதா?"

"ஆமாங்க. நேத்து மத்தியானம் பேப்பர்ல பொட்டலமாக் கட்டி செவுத்துக்கு மேலருந்து போட்டேன். முந்தின நாள் ராத்திரியெல்லாம் கத்திட்டே கெடந்துச்சு. அப்புறம் சத்தமே இல்லீங்க. குரைச்சா எனக்குத் தலைவலிதானுங்க, இல்லேங்கல. குரைக்காம இருந்ததுதான் பயமாப்போச்சு."

"தின்னுச்சா?"

"மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சுங்க. அப்புறம் சொம்புல தண்ணி ஊத்திப் பாத்தேன். செவுத்தோரமே விழுந்துபோச்சு. சங்கிலி எட்டலீங்க."

"பொய்யி," என்றான் பிரவின்குமார்.

எட்டு மணி. அன்புச்செல்வி எல்லோரையும் மண்சட்டியைச் சுற்றி நிற்கச் சொன்னார். அதன் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்குக் ஈரத்தால் கறுத்த பட்டை ஒன்று ஏறியிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பு அது அங்கே இல்லை. விளிம்பைத் தொட்டு நின்ற தண்ணீரும் சற்று இறங்கியிருந்தது.

"ராத்திரியெல்லாம் தண்ணி இருந்த மண்சட்டி விடியறப்ப வெளிப்பக்கம் ஈரமா, சில்லுனு இருக்கும், அடியில தரையும் நனைஞ்சிருக்கும். நான் தொட்டப்ப இதுல தூசுதான் ஒட்டுச்சு. காஞ்சு கெடந்த சட்டி இப்பத்தான் தண்ணி குடிக்குது. மாமா வண்டிச் சத்தம் கேட்டதுக்கப்புறம் ரொப்புனது இது."

அன்புச்செல்வி சோற்றின் பக்கம் திரும்பினார்.

"சோறு விழுந்தது விழுந்தபடி இருக்குது. தின்னாத சோத்துல வெசம் எப்படி ஏறும்? நாக்கு வறண்ட நாய்க்குக் கறி எறங்காது. வாயில இருக்கறது நுரை இல்லீங்க, காஞ்ச எச்சில். கிள்ளுன தோல் திரும்பப் படியலை. இந்த வெயில்ல, வெள்ளிக்கெழமை வெச்ச தண்ணி தீந்ததுக்கப்புறம் ஒரு சொட்டு கூடக் கெடைக்கலை."

அவர் பிரவின்குமாரின் கணுக்காலைக் காட்டினார். "கொசுக்கடிக்கு யாரும் சுண்ணாம்பு வைக்க மாட்டாங்க. மணிக்கணக்கா ரத்தம் நிக்காம கசியறது அட்டைக்கடிக்குத்தான். துடியலூர்ல ஏதுங்க அட்டை? கோடை மழை பெஞ்ச வால்பாறைத் தேயிலைக் காட்டுல இருக்கும். எப்ப திரும்புனீங்க?"

அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "விடியக்காலை வண்டியிலங்க. சிநேகிதங்க கூப்பிட்டாங்க... ஒரு நாள்தானேன்னு போயிட்டேன். வந்து தூங்கிட்டேன். மாமா கார் சத்தத்துலதான் முழிச்சேன். இப்படி ஆவும்னு நெனைக்கலீங்க."

"அதை நம்பறேன். ஆனா உங்க அத்தை உப்பைக் கரைச்சுட்டு வந்தாங்களே, அப்ப அது வெசம் இல்லைன்னு இந்த வாசல்ல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். காஞ்சு கெடக்கற உடம்புக்கு அந்த உப்புத் தண்ணி உள்ளே போயிருந்தா அத்தோட முடிஞ்சது. நீங்க பேசலையே."

நாச்சியம்மாள் சொம்பைப் பார்த்தார். அதை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். திரும்பி வந்து மறுபடியும் முந்தானையை நனைத்தார்.

லட்சுமணசாமி, மெஹராஜ் நின்றிருந்த கேட்டருகே வந்தார். "ஏனுங்க, ஒரு சாவியை உங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கோணும்."

மெஹராஜ் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நேத்துச் சாயங்காலம் செவுத்து மேல ஏறி உக்காந்துட்டேனுங்க. குதிச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. பூட்டுன ஊட்டுக்குள்ள குதிச்சவளை நீங்க என்னன்னு சொல்லியிருப்பீங்கன்னு நெனைச்சேன். எறங்கிட்டேன்."

பின்னால், நாச்சியம்மாள் பிழிந்த ஈரத்துணியைச் சீசர் முதன்முறையாகத் தானே நக்கும் சத்தம் கேட்டது.